ஒரு போன், 38 அட்டைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்ததைப் படித்தேன். பள்ளிகளுக்கு வந்த ஸ்மார்ட் போர்டும் கணினிகளும் தூசி படிந்து கிடக்கின்றன, ஆசிரியர்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள மனமில்லை என்பது அவர் வாதம். தூசி சில இடங்களில் உண்மைதான், மறுக்கவில்லை. மனமில்லை என்றதுதான் சுருக்கென்று தைத்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வயது 54. அரூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. மகன் கல்லூரிக்கென்று வாங்கிய கம்ப்யூட்டரைத்தான் நான் முதன்முதலில் தொட்டேன். அதற்கு முன்பு மவுஸைக் கண்டாலே கை நடுங்கும். அதனால் தொழில்நுட்பம் தெரிந்தவள் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். வகுப்பில் எது ஓடும், எது ஓடாது என்று மட்டும் அடிபட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஓடியது ஒன்றை முதலில் சொல்கிறேன். பிளிக்கர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. மாணவர் கையில் போன் வேண்டாம், கணினி வேண்டாம். ஆளுக்கொரு காகித அட்டை போதும். ஒவ்வொரு அட்டையிலும் ஓர் எண், கறுப்புக் கட்டங்களால் ஆன ஓர் உருவம். நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. விடை எதுவோ அந்த எழுத்து மேலே வருமாறு பிள்ளைகள் அட்டையைத் திருப்பிப் பிடிப்பார்கள். நான் என் போன் கேமராவை வகுப்பின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை மெல்ல நகர்த்தினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்பது திரையில் வந்துவிடும். ஒவ்வொரு அட்டையின் உருவமும் வேறு என்பதால் பக்கத்துப் பையனைப் பார்த்து அதே மாதிரி பிடித்தாலும் பலிக்காது.

எட்டாம் வகுப்பில் முதல் தடவை இதைச் செய்தபோது சும்மா வெள்ளோட்டம் பார்க்க ஒரு லேசான கணக்கைக் கேட்டேன். 1/2 + 1/3 எவ்வளவு? ஆறாம் வகுப்பிலேயே படித்தது. "தெரியும்ல?" என்று கேட்டால் முழு வகுப்பும் "தெரியும் டீச்சர்" என்று கத்தும். அன்றைக்கு வந்திருந்தவர்கள் 38 பேர். அதில் 19 பேர் 2/5 என்று காட்டினார்கள். மேலே மேலே கூட்டு, கீழே கீழே கூட்டு, முடிந்தது. சரியாக 5/6 காட்டியவர்கள் 11 பேர். மிச்சம் எட்டுப் பேர் ஏதோ ஒரு பக்கம்.

இரண்டு மாதமாக அந்த வகுப்புக்கு நான் இயற்கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன் ஐயா! கேள்வி கேட்டால் கை தூக்குவது எப்போதும் அதே ஆறு பேர். அந்த ஆறு பேரை வைத்து வகுப்புக்குப் புரிந்துவிட்டது என்று நானே முடிவு கட்டியிருக்கிறேன், அதுவும் எத்தனை வருஷமாக என்று நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அன்று இயற்கணிதத்தை மூடி வைத்தேன். "2/5 அரையை விடப் பெரிசா, சின்னதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. கடைசி பெஞ்சில் வாயே திறக்காத ஒரு பெண், "சின்னது டீச்சர்" என்றாள். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு எப்படியம்மா சின்னதாகும் என்றேன். அவள் தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ கூட்டினா குறையுதா?" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்க்க எந்தத் திரையும் தேவைப்படவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது அந்த அட்டைதான்.

மறுநாள் ஃபெட் பாவனையைக் காட்டினேன், அதாவது கணக்கையோ சோதனையையோ கணினித் திரையிலேயே செய்து பார்க்கும் மென்பொருள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் அது. கணிதம், அறிவியல் இரண்டுக்கும் நிறைய இருக்கிறது. காசு இல்லை. எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஒவ்வொரு பாவனையையும் தனிக் கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம், அப்புறம் இணையமே வேண்டாம். கணித வடிவங்களை வரைந்து பார்க்கும் ஜியோஜீப்ரா மென்பொருளும் அப்படித்தான், ஒரு தடவை நிறுவிவிட்டால் இணையமில்லாமல் ஓடும். எங்கள் பாடப்புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்று வருகிற பக்கங்களில் பெரும்பாலும் ஜியோஜீப்ரா பயிற்சிதான். 2018இல் புதிய புத்தகங்கள் வந்தபோது கூடவே கியூஆர் குறியீடுகளும் வந்தன. அவற்றை வகுப்பில் நின்றுகொண்டு ஸ்கேன் செய்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். முந்தின நாள் இரவே வீட்டில் இறக்கி வைத்துக்கொள்வதுதான் வழி. பயிற்சி வகுப்புகளில் செயலியின் பெருமையை ஒரு மணி நேரம் சொல்வார்கள், இந்த ஒரு வரியைச் சொல்ல மாட்டார்கள்.

செலவே இல்லாத இன்னொன்று. இரண்டு செங்கல்லை நிற்க வைத்து, மேலே ஓர் அடிக்கோல், அதன்மேல் போன், கேமரா கீழே பார்த்தபடி. போனைக் கேபிளால் டிவியோடு இணைத்துவிட்டால், கீழே வைக்கும் நோட்டு பெரிதாகத் திரையில் தெரியும். பெயர் தெரியாதபடி ஒரு பிள்ளையின் தப்பான கணக்கை வைத்து, எந்த வரியில் வண்டி தடம் புரண்டது என்று எல்லோரையும் தேடச் சொல்லுவேன். போர்டில் நான் சரியாகப் போட்டுக் காட்டும்போது வராத சுறுசுறுப்பு இதில் வரும். பிறத்தியார் தப்பைக் கண்டுபிடிப்பதில் யாருக்குத்தான் ஆர்வமில்லை!

எல்லாவற்றுக்கும் போனைத் தூக்குபவள் என்று நினைத்துவிட வேண்டாம். பத்தாம் வகுப்பு முக்கோணவியலுக்குக் கோணம் அளக்கும் செயலியைப் போனில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தின் உயரம் பார்க்கப் போனோம். ஒரு போன், சுற்றி நாற்பது தலை. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அடுத்த வாரம் அட்டையில் பாகைமானியை ஒட்டி, நூலில் ஒரு கல்லைக் கட்டி, ஆறு குழுவுக்கு ஆறு கொடுத்தேன். மர உச்சி 45 பாகையில் தெரியும் வரை பின்னால் நடந்துகொண்டே போய் ஒரு பையன் முள்வேலியில் சட்டையைக் கிழித்துக்கொண்டான். பாடம் மட்டும் நன்றாக ஏறியது.

இப்போது என் பெரிய தலைவலிக்கு வருகிறேன். தமிழ் எழுத்துரு. சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதிப் பள்ளிகளுக்குப் பொதுவாக ஓர் அலகுத் தேர்வு வினாத்தாளை நான் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து பாமினி எழுத்துருவில் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். காலையில் ஒரு தலைமை ஆசிரியர் கூப்பிட்டு, "மேடம், இது எந்த மொழி?" என்றார். அவர் கணினியில் 'பள்ளி' என்ற சொல் ஆங்கில ஜி, எஸ், ஓர் அரைப்புள்ளி, மறுபடி எஸ், பி என்று வந்திருந்தது. பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டிவைப்பவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்து ஆங்கிலம் வெளியே வந்துவிடும். யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டு முறையில் தமிழ் எழுத்துகளுக்கென்றே குறியீடு இருப்பதால் எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும்.

இன்றைக்கும் எத்தனையோ பள்ளிகளில் வினாத்தாளைப் பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். நான் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினேன். 1999இல் சென்னையில் கணினித் தமிழுக்காக நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்டது அது. உயிரெழுத்து இடக்கையில், மெய் வலக்கையில். 'அம்மா' என்று வர அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும், புள்ளி தானாக விழும். பத்து நாள் எரிச்சலாக இருந்தது, அப்புறம் கை பழகிவிட்டது. அவசரமென்றால் போனில் பேசியே தமிழில் அடித்துக்கொள்கிறேன். 'இருசமபக்க முக்கோணம்' என்பதை மட்டும் அது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி எழுதும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் கேட்பார்கள். வட்டிக் கணக்குப் பத்து வேண்டும் என்றால் அரை நிமிடத்தில் கொடுக்கிறது, நல்லதுதான். ஆனால் எல்லாக் கணக்கிலும் ஆப்பிள் பழமும் கேக்கும். நான் உட்கார்ந்து அவற்றைப் புளி மூட்டையாகவும் மரவள்ளிக் கிழங்காகவும் மாற்றுவேன். விடைகளைக் கட்டாயம் போட்டுப் பார்ப்பேன், ஒரு முறை மூன்று கணக்கின் விடை தப்பு. பிள்ளைகளின் பெயர், மதிப்பெண், போட்டோ எதையும் அதில் ஏற்றுவதில்லை. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தை என்கிறது. பெற்றோர் சம்மதமில்லாமல் நான் யார் அதை விளையாட்டாகக் கொடுக்க?

பெற்றோர் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊரில் பல அப்பாக்கள் திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கிறார்கள், வீட்டிலிருக்கும் ஒரே நல்ல போன் அவர்களோடு போய்விடும். போனில் அனுப்பினால் அங்கே போய்ச் சேரும் வீட்டுப்பாடத்தால் யாருக்கு என்ன பயன்? அதனால் வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுகிறேன். பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் குரல் பதிவாக, இரண்டு நிமிடத்துக்குள் அனுப்புகிறேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களும் பக்கத்து வீட்டுப் போனில் கேட்டுவிட்டு வந்து பேசுகிறார்கள்.

கடிதம் எழுதிய அன்பருக்கும், அதிகாரிகள் யாராவது படித்தால் அவர்களுக்கும் என் கோரிக்கை இதுதான். புதிதாக இன்னொரு செயலி வேண்டாம். நூறு பேரை மண்டபத்தில் உட்கார வைத்துப் படம் காட்டும் பயிற்சியும் வேண்டாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பக்கத்துப் பள்ளி ஆசிரியர் பத்துப் பேர், அவரவர் போனோடு ஒரு வகுப்பறையில் உட்காரட்டும். பாமினியிலிருந்து வெளியே வருவதை முதல் நாள் வைத்துக்கொள்ளலாம். டிவியின் ரிமோட்டைப் பீரோவில் பூட்டி வைக்காமல் வகுப்பில் வைக்கச் சொன்னால் பாதி தூசி தானாகப் போய்விடும்.

கடிதம் நீண்டுவிட்டது. இடமில்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், பின்னக் கணக்கை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள். அட்டை அச்சிட நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: பளபளக்கும் லேமினேஷன் போடாதீர்கள், ஜன்னல் வெளிச்சம் பட்டால் கேமராவுக்குத் தெரியாது. நான் முதலில் போட்ட 40 அட்டையும் அப்படித்தான் வீணாயின. கடைக்காரரிடம் மேட் என்று கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை,
அரூர் வட்டம், தருமபுரி மாவட்டம்.