ஒரு மேற்கோள்குறி படுத்திய பாடு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பதில் தாமதமானதற்கு என் மாணவியின் ஆய்வேடுதான் காரணம். உனக்கும் ஆகும் விஷயம், கேள்.

லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் அழகாக அடித்திருந்தாள். பின்னிணைப்பு முழுக்கப் பைத்தான் மொழி நிரல். சும்மா இருக்க முடியாமல், பிடிஎஃப்பிலிருந்து இருபது வரியை நகலெடுத்து ஓட்டிப் பார்த்தேன். முதல் வரியிலேயே ‘செல்லாத எழுத்து’ என்று பிழை. எத்தனை தடவை பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் பார்த்தால், அவள் தட்டியது நேரான ஒற்றை மேற்கோள்குறி. லேடெக் அதை அச்சுக்கு ஏற்றபடி வளைத்துவிட்டிருந்தது. நம் கண்ணுக்கு அது அழகு, பைத்தானுக்கோ முன்பின் தெரியாத எழுத்து! நிரலை அச்சிட லேடெக்கோடு சேர்க்கும் லிஸ்டிங்ஸ் தொகுப்பில் ‘அப்கோட்’ என்ற அமைப்பை இயக்கியதும் குறி நிமிர்ந்துவிட்டது.

அப்புறம் வரி எண்களும் நிரலோடு ஒட்டிக்கொண்டு வந்தன. வரித் தொடக்கத்து இடைவெளிகள் காணாமல் போயிருந்தன. இடைவெளியை நம்பி வாழும் மொழியில் அது போனால் என்ன மிஞ்சும்? எழுத்துரு வேறு. எதுவும் சொல்லாவிட்டால் லிஸ்டிங்ஸ் கட்டுரையின் சாதாரண எழுத்துருவையே எடுத்துச் சம அகலக் கட்டங்களில் உட்கார்த்தும்; வரியெல்லாம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. தட்டச்சு எழுத்துருவுக்கு மாற்றச் சொன்னேன்.

நிரலுக்குள் விளக்கக் குறிப்புகளைத் தமிழில் எழுதியிருந்தாள், எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் லிஸ்டிங்ஸுக்கு யூனிகோடு ஒத்துவராது. எழுத்துகள் இடம் மாறி நின்றன. யூனிகோடு தெரிந்த ஸீடெக் இயந்திரத்துக்கும், லிஸ்டிங்ஸுக்குப் பதில் மின்டெட் என்ற தொகுப்புக்கும் மாறிய பிறகு சரியானது. மின்டெட் நிறம் பூசும் வேலையைப் பிக்மென்ட்ஸ் என்ற பைத்தான் நிரலிடம் விட்டுவிடும். ‘ர’வும் ‘ணௌ’வும் ஒரே அகலத்தில் அடங்காது, அதை நான் விட்டுவிட்டேன்.

இதற்கெல்லாம் மேலான ஒன்று பிறகுதான் தெரிந்தது. அவள் நிரலை ஒட்டிவைத்தது ஜனவரியில். முடிவுகளைத் தந்த நிரலை மார்ச்சில் திருத்தியிருக்கிறாள். அச்சில் இருப்பது ஒன்று, ஓடியது வேறொன்று! லேடெக்குக்கு அடிப்படையான டெக்கை உருவாக்கிய டொனால்ட் கனூத் 1984-லேயே இலக்கிய நிரலாக்கம் என்ற பெயரில், விளக்கமும் நிரலும் ஒரே கோப்பிலிருந்து பிறக்கட்டும் என்று எழுதினார். டெக்கின் மூலநிரலே அப்படி உருவானதுதான். அவ்வளவு தூரம் போக வேண்டாம். கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் லேடெக்கே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும் கட்டளை இரண்டு தொகுப்பிலும் உண்டு. இப்போது அவள் அப்படித்தான் செய்கிறாள்.

உன் பாடப்புத்தகம் இரண்டாம் பதிப்புக்குப் போகிறது என்றாயே, அதில் நிரல்களைக் கையால் ஒட்டியிருக்கிறாயா? பிடிஎஃப் அனுப்பு. மூன்றாம் அத்தியாயத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், திட்டக் கூடாது.

அன்புடன்,
முரளி