மஞ்சள் வண்டுக்கு மருந்து அடிக்கச் சொல்லுமுன்

நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பணிபுரியும் விவசாயப் போதனாசிரியர்களுக்கு வணக்கம்.

பூசணி இலையில் மஞ்சள் வண்டு இருக்கிறது என்று யாராவது வந்து சொன்னால், பூச்சி மருந்தின் பெயரைச் சொல்லுமுன் அந்த இலையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஓர் அக்காவுக்கு இலையைப் பார்க்காமலே மருந்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அடித்ததும் வண்டு செத்தது. இலையில் பூத்திருந்த வெண்தூள் நோயின் வெள்ளை மாவு அப்படியே இருந்தது, அப்புறம் கொடியும் காய்ந்துபோனது.

அந்த வண்டு இலையைத் தின்பதில்லை. வெண்தூள் நோயை உண்டாக்கும் பூஞ்சணத்தைத்தான் தின்கிறது. இல்லெயிஸ் என்ற பேரினத்துப் பொறிவண்டு அது. நீளம் 5 மில்லிமீற்றர் வரும். முதுகு எலுமிச்சை மஞ்சள், அதில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. தலைக்குப் பின்னால் வெளிறிய பகுதியில் மட்டும் இரண்டு கறுப்புப் புள்ளிகள். கிட்டப் போனால் விறுவிறுவென்று ஓடிவிடும். புழு வெளிர் மஞ்சள், உடம்பு நெடுகக் கறுப்புப் புள்ளி வரிசைகள்.

கத்தரி, உருளைக்கிழங்கு இலைகளை அரிக்கும் 28 புள்ளி வண்டு வேறு. அது செம்பழுப்பு நிறம், மினுமினுப்பு இருக்காது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் மேலே மெல்லிய மயிர் தெரியும். அதன் புழு முழுக்கக் கிளைவிட்ட முட்கள். அது மேய்ந்த இலை சல்லடையாகிவிடும். மஞ்சள் வண்டு மேய்ந்த இலையில் ஓட்டை விழாது, வெள்ளை மாவுக்கு நடுவே பச்சைத் திட்டுகள்தான் தெரியும்.

தேட வேண்டிய இடம், மாவு பூத்த பழைய இலைகளின் அடிப்பக்கம். மழை ஓய்ந்து, பகல் காய்ந்து இரவு குளிரும் நாட்களில் வேலியோர மல்பெரியையும் புரட்டிப் பாருங்கள்.

வண்டு மட்டுமே நோயை ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நோய் முற்றினால் கெட்ட இலைகளைக் கிள்ள வேண்டும், கொடிக்குக் காற்றோட்டம் வேண்டும், தேவைப்பட்டால் கந்தகமும் வேண்டும். அதையும் உச்சி வெயிலில் அடித்தால் பூசணி இலை கருகும். ஆனால் பூச்சி மருந்து இந்த நோயைத் தொடவே தொடாது. காசுதான் நட்டம்.

அடுத்த பயிற்சி வகுப்புக்கு இரண்டு வகை இலைகளையும் ஒரு கைவில்லையையும் கொண்டுவாருங்கள். துண்டுப்பிரசுரம் அச்சிட்டால் தமிழிலும் போடுங்கள், புழுவின் படத்தையும் சேருங்கள். வண்டு ஓடிவிடும், இலையில் அகப்படுவது பெரும்பாலும் புழுதான்.

இப்படிக்கு,
மரக்கறி பயிரிடும் ஒரு தோட்டத்துப் பெண்