19-ஆவது சீன்

சிவமயம்

அன்புள்ள ராசாவுக்கு ஆத்தா எழுதுவது.

கதை வந்தது, இரண்டு தடவை வாசித்தாயிற்று. வீட்டில் படம் எடுக்கப் பங்காளிகள் எல்லாரும் சரியென்றுவிட்டார்கள். இரண்டாம் கட்டில் பூட்டிக் கிடக்கிற அறைகளைத் திறக்கச் சொல்லாதே. சாமி அறைப் பக்கம் பேய் வேஷத்தோடு யாரும் போகக் கூடாது. திதிக்கு லீவு இல்லை என்றாய்; ஷூட்டிங்குக்குக் கிடைத்துவிட்டது, சந்தோஷம்.

முதலில் கரண்ட். முகப்பிலும் பட்டாலையிலும் இருப்பது பழைய 5 ஆம்பியர் பிளக். 1000 வாட் லைட் ஒன்றே 4.3 ஆம்பியர் இழுக்கும். அதிலேயே இன்னொன்றைச் சொருகினால் ஃபியூஸ் போகும். உடனே எவனாவது தடித்த கம்பியைச் சுற்றுவான். அப்புறம் மரப்பட்டைக்குள் ஓடுகிற ஒயர் சூடேறும். மேலே முழுக்கப் பர்மாத் தேக்கு. எல்இடி கொண்டு வா. ஜெனரேட்டரைப் பின் தெருவில் நிறுத்து, சத்தம் வளவு முற்றத்துக்கு வராது. கேபிளைச் சுருளோடு ஓட்டாதே, முழுக்க விரித்துவிடு. சுருளுக்குள் சூடு தங்கி உறை உருகிவிடும்.

ரத்தம் என்று நிறைய எழுதியிருக்கிறாய். தரையில் இருக்கிற ஆத்தங்குடிக் கல் சிமெண்டுதானே, சாயத்தைக் குடித்துவிடும். ஆசிட் ஊற்றினால் பூவும் சேர்ந்து போகும். தார்ப்பாய் விரித்துக்கொள். சுவரில் டேப் ஒட்டாதே. முட்டை வெள்ளைக்கருப் பூச்சு பேர்ந்தால் பூசுவதற்கு ஆள் தேட வேண்டும்.

வளவில் வசனம் பேசினால் எதிரொலிக்கும். கேமராவுக்குப் பின்னால் தூணுக்குத் தூண் ஜமுக்காளம் தொங்கவிடு. ஒவ்வொரு அறையிலும் யாரும் பேசாமல் ஒரு நிமிஷம் வெறும் சத்தத்தைப் பதிவு செய்துகொள். இல்லாவிட்டால் எடிட்டிங்கில் வெட்டின இடமெல்லாம் காதில் இடறும். பேயை அடிக்கடி காட்டாதே, காசும் மிச்சம். உள்வாசல் கதவு கிறீச்சிட்டால் போதும், அது சுழலுகிற குடுமிக்கு எண்ணெய் போட வேண்டாமென்று சொல்லி வைத்திருக்கிறேன். பணம் குறைவென்று கூச்சப்படாதே. தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகைக்குள்ளேயே ஏவிஎம் செட்டியார் படம் எடுத்த ஊர் இது. நீ நன்றாகத்தான் எழுதுகிறாய்.

19-ஆவது சீன் மட்டும் சரியில்லை. ஃபோனை எடுத்திருந்தால் பிழைத்திருப்பேன் என்று தகப்பன் பேயாக வந்து மகனிடம் சொல்கிறாராம். அது எப்படி? இதயம் நின்றுபோனால், பக்கத்தில் இருப்பவர் உடனே நெஞ்சை அமுக்காவிட்டால் சில நிமிஷம்தான். பையன் இருப்பது சென்னையில், 400 கிலோமீட்டருக்கு அப்பால். எடுத்துத்தான் என்ன செய்திருப்பான்? நீ எழுதியிருக்கிற தகப்பன் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் மேட்ச் ஸ்கோர் கேட்கத்தான் கூப்பிடுவார். டிவியில் கேபிள் போயிருந்தது, அதனால் கூப்பிட்டார் என்று எழுது. பேசிவிட்டுப் படுக்கலாமென்று பார்த்தார், மகன் எடுக்கவில்லை, சரி காலையில் பேசிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. அப்படியே எழுது. பேய் வேண்டுமென்றால் வேறு யாரையாவது பேயாக்கு.

எத்தனை பேர் வருகிறீர்கள், அதில் சைவம் எத்தனை என்று முன்கூட்டியே எழுது. சமையலுக்கு ஆள் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை மட்டும் அனுப்பாதே. லைட் எல்இடிதான், மறந்துவிடாதே.

ஆத்தா