பீர் ஆலையின் சுவைக்கூடத்தில் கெட்டுப்போன பீர் பரிமாறப்பட்டது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: சுத்தம் செய்யப்படாத குழாய்களிலிருந்து பீர் பரிமாறியதும் அதற்குத் தவறான விளக்கம் அளித்ததும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கடந்த சனிக்கிழமை தங்கள் ஆலையைச் சுற்றிப் பார்க்கவும், இறுதியில் பீர் வகைகளைச் சுவைத்துப் பார்க்கவும் முன்பதிவு செய்து வந்தவர்களில் நானும் ஒருவன். ஆலைக்குள் நடந்த பகுதியில் குறை சொல்ல ஏதுமில்லை. முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டை ஆளுக்கு ஒரு பிடி கொடுத்து மென்று பார்க்கச் சொன்ன வழிகாட்டி, அதை அரைத்து 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைக்கும்போது மாவுச்சத்து எவ்வாறு சர்க்கரையாக மாறுகிறது என்பதையும், கொதிக்கும் சாற்றில் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களை முன்னதாகச் சேர்த்தால் கசப்பும் பின்னதாகச் சேர்த்தால் மணமும் ஏன் கூடுகின்றன என்பதையும் பொறுமையாக விளக்கினார். அவ்வளவு அக்கறையோடு தயாரிக்கப்படும் பீர், சுவைக்கூடத்தில் எங்கள் கைக்கு வந்த நிலைதான் இக்கடிதத்தை எழுத வைத்தது.

முதலில் தந்த லாகர் வகை பீரில் உருக்கிய வெண்ணெயின் வாடை தூக்கலாக இருந்தது. விழுங்கியபின் நாக்கில் புளிப்பு தங்கியது. பக்கத்துக் குழாயிலிருந்து ஊற்றிய ஏல் என்னும் மற்றொரு வகை பீரிலும் அதே வாடை, அதே புளிப்பு. கண்ணாடிக் குவளையின் உட்புறத்தில் குமிழிகள் கொத்துக் கொத்தாக ஒட்டி நின்றன. நுரை சற்று நேரத்திலேயே அடங்கிவிட்டது. எண்ணெய்ப் பசையோ அழுக்கோ போகக் கழுவாத குவளையில் பொதுவாக இப்படி நேரும்.

இதைப் பணியாளரிடம் எடுத்துச் சொன்னபோது, இது வடிகட்டாத பீர் என்றும், நொதிக்கவைக்கும் நுண்ணுயிரியான ஈஸ்ட் உயிருடன் இருப்பதால், சிறிய ஆலைகளில் தயாராகும் கிராஃப்ட் பீர் இப்படித்தான் இருக்கும் என்றும், பழகினால் பிடித்துவிடும் என்றும் பதில் வந்தது. இந்த விளக்கத்தை என்னால் ஏற்க இயலாது. வெண்ணெய் வாடைக்குக் காரணம் டையசெட்டைல் என்னும் பொருள். நொதித்தலின்போது உண்டாகும் அதை, போதிய அவகாசம் கொடுத்தால் ஈஸ்ட்டே திரும்ப உட்கொண்டுவிடும். வெவ்வேறு வகை பீர்கள் இரண்டிலும் அது புளிப்போடு சேர்ந்து வருகிறது என்றால், குழாய்களில் படிந்து வளர்ந்த பாக்டீரியாவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

என் சந்தேகத்தைச் சரிபார்த்துக்கொள்ள, தங்கள் விற்பனைப் பகுதியிலேயே அதே லாகரை டின்னில் வாங்கி, கழுவிய வேறொரு குவளையில் ஊற்றி, குழாய் பீரோடு அருகருகே வைத்துச் சுவைத்தேன். டின்னில் இருந்தது தெளிந்த மால்ட் சுவையுடன், எந்த வாடையும் இன்றி இருந்தது. இரண்டும் ஒரே தொகுதியில் தயாரானவை என்று அந்தப் பணியாளரே கூறினார். அப்படியானால் பழுது தயாரிப்பில் இல்லை, குழாயில்தான் இருக்கிறது. எங்களில் பலர் கிராஃப்ட் பீரை அன்றுதான் முதன்முறையாகச் சுவைத்தவர்கள். கெட்டுப்போன சுவையையே அதன் இயல்பு என்று நம்பி அவர்கள் திரும்பிச் சென்றது எனக்கு மிகுந்த வேதனை அளிக்கிறது. தங்கள் கலன்களுக்கு அருகே உழைப்பவர்களுக்கும் இது நியாயமாகாது.

பரிமாறும் குழாய்களை 14 நாள்களுக்கு ஒருமுறையேனும் காரக் கரைசலால் கழுவி, குழாய்முனைகளைக் கழற்றித் துலக்க வேண்டும் என்பது இத்தொழிலில் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் நடைமுறை. கடைசியாகக் கழுவிய தேதியைக் கேட்டேன். சொல்ல அங்கு எவருக்கும் தெரியவில்லை. பதிவேடு ஏதும் காட்டப்படவுமில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நொதித்தல் நடக்கும் கீழ்த்தள அறைக்குள் எந்த எச்சரிக்கையும் இன்றி எங்களை அழைத்துச் சென்றார்கள். நொதிக்கும் கலன்களிலிருந்து வெளியேறும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. தாழ்வான இடத்தில் தேங்கினால் மூச்சடைத்து உயிருக்கே ஆபத்தாகும். அங்கே வாயு அளவைக் காட்டும் கருவி எதுவும் என் கண்ணில் படவில்லை. கருவி இருக்குமானால் அதைப் பார்வையாளர்களுக்குக் காட்டுங்கள். இல்லையெனில், பொருத்தும்வரை அந்த அறைக்குள் யாரையும் அனுமதிக்க வேண்டாம்.

எனவே, குழாய்களை உடனடியாகச் சுத்தம் செய்து அதற்கான பதிவைச் சுவைக்கூடத்தில் அனைவரும் காணும்படி வைக்கவும், கெட்ட பீரை அடையாளம் காணப் பரிமாறுவோருக்குப் பயிற்சி அளிக்கவும், சுவைத்துப் பார்ப்பதற்காக நான் செலுத்திய கட்டணத்தைத் திருப்பித் தரவும் கேட்டுக்கொள்கிறேன். எடுத்த நடவடிக்கையை 15 நாள்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். முன்பதிவு ரசீதும், இரண்டு குவளைகளையும் அருகருகே வைத்து எடுத்த படமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்