தொரப்பள்ளியில் சொல்ல வேண்டிய கதை

ஆசிரியருக்கு வணக்கம். ஊர்வலம் என்றாலே போக்குவரத்துத் தொல்லை என்று முகம் சுளிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கச் சுமார் 100 தொண்டர்களோடு நடக்கத் தொடங்கிய ராஜாஜி, நம் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர். வழியில் அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் மிரட்டினார். மக்கள் விட்டார்களா? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள்! நடந்தவர்களுக்குச் சமமாக அவர்களையும் போராளிகள் என்றே சொல்வேன். சுமார் 240 கிலோமீட்டர் நடை அது. நம் பிள்ளைகள் பலருக்குக் காந்தியின் தண்டி உப்பு யாத்திரை தெரிகிறது, இது தெரிவதில்லை. ஆண்டுதோறும் ஏப்ரலில் பள்ளி மாணவர்களைத் தொரப்பள்ளி நினைவு இல்லத்துக்கு அழைத்துப் போய் இதைச் சொல்ல, கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

– வாசகர், ஓசூர்