விண்டோஸ் மாற்றும்போது பழைய கோப்புகள் அழிய வேண்டியதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், புதிய இயங்குதளம் நிறுவப் பலரும் கணினியைக் கடைக்கு எடுத்துச் செல்கிறார்கள். கடலூரில் ஒரு கடையில் என் கணினியைக் கொடுத்தபோது, ஒரு வார்த்தையும் கேட்காமல் விண்டோஸ் இருக்கும் வட்டுப் பகுதியான சி டிரைவை ஃபார்மட் செய்து, அதாவது முழுவதும் அழித்துவிட்டார்கள். 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் வேரோடு சாய்ந்த முந்திரி மரங்களுக்கு நடுவே என் தந்தை நிற்கும் படங்கள் டெஸ்க்டாப்பில்தான் இருந்தன. அவர் இப்போது இல்லை.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகியவை பொதுவாக சி டிரைவிலேயே இருக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸ் ஓரளவு இயங்கினால், அதை மீண்டும் புதிதாக நிறுவும் 'ரீசெட்' பகுதியில் கோப்புகளை வைத்துக்கொள்ளும் வாய்ப்பைத் தேர்ந்தெடுக்கலாம். நாம் நிறுவிய மென்பொருள்கள் போகுமே தவிர, படங்களும் ஆவணங்களும் தங்கும். கணினி அறவே திறக்காவிட்டாலும், உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து இயக்கி, கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துவிடலாம். வட்டு பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பாதுகாப்பு வசதியால் பூட்டப்பட்டிருந்தால் மட்டும் 48 இலக்க மீட்புக் குறியீடு முதலில் கையில் இருக்க வேண்டும். எந்த வழியானாலும், நகலெடுத்த படங்கள் சிலவற்றை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஃபார்மட் செய்வதற்கு முன் வாடிக்கையாளரிடம் எழுத்து மூலம் சம்மதம் பெறுவதைக் கடைக்காரர்கள் வழக்கமாக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.