மாப்பிள்ளை கையைப் பார்க்காதே

திருவண்ணாமலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்து, மாடியேறித் துணி காயப்போடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

குட்டியின் படங்கள் வாட்ஸாப்பில் வந்தன. எல்லாம் சறுக்குமரப் படம். "ஒண்ணு மேலேயே உக்காந்திருக்கான், இல்லன்னா கீழே வந்துட்டான். நடுவுல சிக்கவே மாட்டேங்கிறான்பா" என்று அலுத்துக்கொண்டாய். போனில் விளக்க ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன் மேல் குற்றமில்லை. நீ பார்த்துவிட்டு அழுத்துகிறாய். கண் பார்த்து, மூளைக்கு எட்டி, விரல் அசைவதற்குள் ஏறக்குறைய கால் வினாடி போய்விடும். சறுக்குமரத்தில் கால் வினாடி ரொம்பப் பெரிய நேரம்.

நான் கல்யாணப் படம் எடுக்கிற தொழிலைக் கற்றது இரட்டை லென்ஸ் யாஷிகா கேமராவில். குனிந்து பார்க்க வேண்டும், இடம் வலமாகத் தெரியும், ரோலுக்கு 12 படம். அப்புறம் நிக்கான் எஸ்எல்ஆர் வாங்கினேன். அதில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி உண்டு. பட்டனை அழுத்தினால் அது மேலே தூக்கிக்கொள்ளும். பிலிமில் வெளிச்சம் விழுகிற நேரத்தில் நம் கண்ணுக்கு வெறும் இருட்டுதான். ஆக, தாலி முடிச்சு விழுவதை நான் பார்த்துவிட்டேன் என்றால் அது பிலிமில் இல்லை. பிலிமில் இருந்தால் நான் பார்த்திருக்க மாட்டேன். ரோலைக் கழுவும்வரை வயிற்றில் புளியைக் கரைக்கும்.

கல்யாணத்தில் இன்னொரு தொல்லை ஃப்ளாஷ். ஒருமுறை அடித்தால் மறுபடி சார்ஜ் ஏறி லைட் எரிய ஏழெட்டு வினாடி ஆகும், பேட்டரி இறங்கியிருந்தால் இன்னும் கூட. அதனால் ஒரே வாய்ப்புதான். மண்டபமே மாப்பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் ஐயரின் விரலைப் பார்ப்பேன். மந்திரம் முடிகிற இடம் வந்ததும் அவர் கை தலைக்கு மேலே போகும், ஆள்காட்டி விரல் மேளக்காரர் பக்கம் ஆடும். வாய் "கெட்டிமேளம்" என்பதற்கு முன்பே விரல் சொல்லிவிடும். அப்போது பெண்ணுக்குப் பின்னால் நிற்கிற நாத்தனாரைப் பார்க்க வேண்டும். அவள் சடையைத் தூக்கி ஒதுக்கியதும் மாப்பிள்ளை கை கழுத்துக்குப் பின்னால் போகும். அந்த இடத்தில் அழுத்தினால் முதல் முடிச்சு கிடைக்கும். கொஞ்சம் தாமதித்தாலும் அட்சதை போடுகிற கைகள் குறுக்கே எழும்பிவிடும், அப்புறம் ஆல்பத்தில் யாரோ ஒரு சித்தப்பாவின் வாட்ச்தான் பளிச்சென்று தெரியும்.

பெரிய ஆட்களும் இப்படித்தான். பிரெஞ்சு புகைப்படக்காரர் ஆன்ரி கார்ட்டியே-பிரெஸோன் 1932-ல் பாரிஸில் சேன் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த படத்தை ஸ்டுடியோச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கிறான் ஒருவன், குதிகால் தண்ணீரைத் தொட இன்னும் ஒரு விரற்கடை. பலகை வேலி இடுக்கில் லென்ஸை வைத்து எடுத்தது, அந்த இடுக்கும் லென்ஸுக்குப் போதவில்லை. அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அவன் குதிப்பதற்கு முன்பே லென்ஸ் இடுக்கில் இருந்தது, அதை விட்டுவிடுகிறார்கள்.

அவர் நம் ஊருக்கும் வந்திருக்கிறார். 1950 ஏப்ரலில் ரமணரின் கடைசி நாட்களை ஆசிரமத்தில் படம் எடுத்தார். 14-ஆம் தேதி இரவு 8.47-க்கு ரமணர் அடங்கியபோது, வானத்தில் ஒரு வெளிச்சம் மலையை நோக்கி மெதுவாகப் போனதைத் தாம் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அதைப் படமாக நான் எங்கும் பார்த்ததில்லை. அவ்வளவு பெரிய கைக்காரருக்கும் சில விஷயம் சொல்லில்தான் மிஞ்சுகிறது போலிருக்கிறது.

தீபத்தன்றும் இதே கணக்குதான். சாயங்காலம் ஆறு மணிக்கு அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டே வெளியே வந்து, ஓரிரு நிமிஷத்தில் திரும்பிவிடுவார். அந்த நேரத்திலேயே 2668 அடி மலை உச்சியில் தீபம் ஏறும். அது 11 நாள் எரியும், எந்த நாளும் எடுக்கலாம். ஆனால் கார்த்திகையில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடுவதால், மலையின் கோடும் தீபமும் சேர்ந்து தெரிகிற வெளிச்சம் கொஞ்ச நேரம்தான். ஆறரைக்கு எடுத்தால் கறுப்பில் ஒரு புள்ளி. எனக்கோ மலைக்கு முதுகைக் காட்டி நின்று ஜனங்களின் முகத்தை எடுக்கத்தான் பிடிக்கும். "அரோகரா" கிளம்புவதற்கு முன்னால் ஒரு நொடி அத்தனை வாயும் திறந்து, சத்தமில்லாமல் இருக்கும். அழுத்த வேண்டியது அங்கேதான்.

இப்போது உன் ஐபோன் விஷயத்துக்கு வருகிறேன். அதில் லைவ் போட்டோ போட்டு வைத்தால் நீ அழுத்துவதற்கு முந்தைய ஒன்றரை வினாடியையும் அதுவே பிடித்து வைக்கிறது. எங்களுக்கு அந்த ஒன்றரை வினாடி மண்டைக்குள் இருந்தாக வேண்டும். இருந்தாலும் மெஷினை மட்டும் நம்பாதே. படபடவென்று ஒரு சரம் படம் எடுத்துத் தள்ளுவதும் எனக்கு ஒப்பவில்லை. அப்புறம் உட்கார்ந்து பொறுக்க யாருக்கு நேரம்? போன் நிரம்பிவிட்டது என்று நீதான் புலம்புவாய்.

அதைவிடக் குட்டியை நன்றாகப் பார். வீடியோ காலில் கவனித்தேன், சறுக்குவதற்கு முன்னால் அவன் இரண்டு தோளையும் காது வரைக்கும் தூக்குகிறான், உன்னை ஒருமுறை பார்க்கிறான், அப்புறம்தான் கையை விடுகிறான். தோள் எழும்பியதும் தயாராகு, கையை விடும்போது அழுத்து. பலகையின் நடுப்பகுதியில் முன்கூட்டியே விரலை வைத்து ஃபோகஸைப் பூட்டிக்கொள், அவன் அங்கே வந்துதான் ஆக வேண்டும். வெயில் இருக்கும்போது எடு. வீட்டுக்குள் டியூப்லைட்டில் போன் ஷட்டரை மெதுவாக்கிக்கொள்ளும், பிள்ளை புகையாகத்தான் விழுவான். வீட்டுக்குள் எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஜன்னல் பக்கம் விளையாட விடு.

அப்புறம், எடுத்ததையெல்லாம் அனுப்பாதே. நன்றாக வந்ததை மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு, அம்மா கையில் வைத்துப் பார்ப்பாள். பளபளப்பில்லாத மேட் பேப்பர் என்று கேட்டு வாங்கு. கிளாஸியில் கைரேகை படியும்.

அன்புடன்,
அப்பா